கூழாங்கல் கரைக்கு வரும் முன்னாள் படைவீரர்கள்

பிரிட்டனில் கடற்கரை விடுமுறை ஒரு மருத்துவ ஆலோசனையாகத் தொடங்கியது. கடல்நீரில் குளிப்பதும் அதைக் குடிப்பதும் சுரப்பி நோய்களைத் தீர்க்கும் என்று சசெக்ஸ் பகுதியின் லூயிஸ் நகர மருத்துவர் ரிச்சர்டு ரஸ்ஸல் 1750இல் இலத்தீன் மொழியில் நூல் எழுதியதைத் தொடர்ந்து, நோயாளிகளும், நோயாளிகளாகக் காட்டிக்கொண்ட செல்வந்தர்களும் தென்கரைக்கு வரலாயினர்; பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசர் 1783இல் பிரைட்டனுக்கு வந்தபின் அப்பழக்கம் உயர்குடி நாகரிகமாயிற்று; 1841இல் லண்டனிலிருந்து ரயில் பாதை அங்கு வந்து சேர்ந்ததும் எழுத்தர்களும் கடைச் சிப்பந்திகளும் ஆலைத் தொழிலாளர்களும் அதே கரையில் இடம் பிடித்தனர். 1871இன் வங்கி விடுமுறைச் சட்டமும், ஊதியத்துடன் விடுமுறைக்கு வழிவகுத்த 1938இன் சட்டமும் கடலோர வாரத்தை உழைக்கும் குடும்பத்தின் ஆண்டுக் கணக்கில் நிலையாகச் சேர்த்துவிட்டன. போரில் காலையோ கண்ணையோ பறிகொடுத்துத் திரும்பியவரின் இழப்புகளில் இந்த வாரமும் ஒன்று என்று அந்நாட்டார் கருதியதும், அதை மீட்டுக் கொடுப்பதற்கென்றே அறநிறுவனங்கள் தோன்றியதும் இந்தப் பின்னணியில்தான் விளங்கும்.

தமிழ்நாட்டிலிருந்து செல்பவருக்கு இக்கருத்து முதலில் சற்று வியப்பாகவே இருக்கும். இங்கு முன்னாள் படைவீரர் நலன் என்றால் ஓய்வூதியம், மறுவேலைவாய்ப்பு, மிலிட்டரி கேன்டீன், பிள்ளைகளின் கல்விக்கு உதவி, டிசம்பர் 7 கொடிநாள் நிதி என்று பட்டியல் நீளுமே தவிர, அவர் ஒரு பகல் முழுவதும் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்கு திட்டம் வகுப்பது அரிது. மற்றொரு வேறுபாடும் உண்டு. இந்தியாவில் முன்னாள் படைவீரர் என்னும் தகுதி பணிக்காலத்தையும் ஓய்வூதியத்தையும் பணியிலிருந்து விடுபட்ட முறையையும் பொறுத்தது. பிரிட்டனிலோ படையில் ஒரேயொரு நாள் ஊதியம் பெற்றுப் பணியாற்றியவரும் அரசின் வரையறைப்படி முன்னாள் படைவீரரே. ஆகவே சசெக்ஸ் கரைக்கு வரும் முதியவர்களுள் நார்மண்டியில் இறங்கியவரும் உண்டு. 1960 வரை நீடித்த கட்டாயப் படைச்சேவையில் அழைக்கப்பட்டு, ஏதோ ஒரு கிடங்கில் போர்வைகளை எண்ணியே இரண்டாண்டுகளைக் கழித்தவரும் உண்டு.

லண்டன்

அவர்களது பயணம் கறுப்பு டாக்சியில் தொடங்குகிறது. முன்னாள் படைவீரர்களுக்கான டாக்சி அறநிறுவனம் 1948இல் லண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில் டாக்சி ஓட்டுநர்களால் தொடங்கப்பட்டது. ஓட்டுநர்கள் தம் வண்டியையும் வருமானத்தையும் விட்டுக்கொடுத்து, முதிய படைவீரர்களை நெதர்லாந்துக்கும் நார்மண்டிக்கும் நினைவு நிகழ்ச்சிகளுக்கு அழைத்துச் செல்கின்றனர். கோடையில் ஒருநாள் வொர்திங் என்னும் கடலோர ஊருக்குச் செல்வது அவர்களது நெடுநாள் வழக்கம். நினைவுப் பயணங்களில் பதக்கமும் மலர்வளையமும் உரைகளும் இருக்கின்றன. வொர்திங் பயணத்தின் நோக்கமோ கடற்காற்றும் மதிய உணவும் மட்டுமே. அதனாலேயே அது மற்றவற்றைவிடக் கவனத்துக்குரியது.

இத்தொண்டை மேற்கொள்ள லண்டன் டாக்சிக்காரர்கள் முன்வந்தது பொருத்தமானதே. சேரிங் கிராஸிலிருந்து 6 மைல் ஆரத்துக்குள் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்தவரே அங்கு டாக்சி உரிமம் பெற முடியும். ‘நாலெட்ஜ்’ எனப்படும் அத்தேர்வுக்காகச் சிறு மோட்டார் சைக்கிளில் மூன்று நான்கு ஆண்டுகள் தெருத்தெருவாக அலைந்தவர்கள், முதியவர் ஒருவர் தாம் பிறந்த சந்தின் பெயரைச் சொன்னதும் அது குண்டுவீச்சில் அழிந்ததா, பெயர் மாறியதா, இன்னும் இருக்கிறதா என்று உடனே சொல்லிவிடுகின்றனர். வண்டியின் அமைப்பும் துணைநிற்கிறது. 2000ஆம் ஆண்டு தொடக்கம் முதல் உரிமம் பெற்ற எல்லா லண்டன் டாக்சிகளும் சக்கர நாற்காலியை ஏற்றக்கூடியனவாக இருக்க வேண்டும் என்பது விதி. தளத்திலிருந்து சாய்பலகை விரிகிறது, நாற்காலியில் அமர்ந்தவர் எழாமலே உள்ளே செல்கிறார்.

உடன்செல்லும் தன்னார்வலருக்கு உரியது ஓட்டுநரின் முதுகுப்புறத் தடுப்பில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் சிறிய இருக்கை. அது பின்னோக்கியிருப்பதால் தன்னார்வலர் கடந்துவந்த சாலையைப் பார்த்தபடியும், முதியவர் வரப்போகும் சாலையைப் பார்த்தபடியும் முழங்கால்கள் இடிக்கும் நெருக்கத்தில் நேருக்குநேர் அமர்கின்றனர். பீங்கான் கோப்பையில் பாலூற்றிய தேநீர், ரொட்டிக்குள் வைத்த பன்றி இறைச்சி என்று காலைச் சிற்றுண்டி முடிந்து, கொடி கட்டிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படுகையில், சாலையோரத்தில் நிற்பவர்கள் கையசைக்கின்றனர். உள்ளே இருப்பவர்கள் பதிலுக்குக் கையசைக்கக் கூச்சப்படுவதும், இரண்டாம் சிக்னலுக்குள் அந்தக் கூச்சம் தெளிந்துவிடுவதும் பார்க்கத்தக்க காட்சி.

டார்க்கிங், ஃபைண்டன்

தெற்கே செல்லும் ஏ24 சாலை டார்க்கிங் அருகே பாக்ஸ் குன்றின் அடிவாரத்தைத் தொட்டு, ஹார்ஷம் ஊரைச் சுற்றிக்கொண்டு, சவுத் டவுன்ஸ் எனப்படும் சுண்ணாம்புக் குன்றுத்தொடரை ஃபைண்டன் கணவாயில் கடக்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை பச்சை. வயலுக்கும் வயலுக்கும் இடையே வரப்பு இல்லை, உயிர்வேலி நிற்கிறது. வயலில் ஆள் இல்லை, ஆடுகள் நிற்கின்றன. நாற்று நடுபவரும் களை பறிப்பவரும் நிறைந்த வயல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்நிலம் யாரோ பராமரித்துவிட்டுப் போன பூங்காவைப் போலத்தான் தோன்றும். கணவாயின் உச்சியை வண்டி கடந்ததும் பேச்சு தானாக நின்று, எல்லோரும் கழுத்தை நீட்டிக் கடலைத் தேடுகின்றனர். தொண்ணூறு வயதைக் கடந்தவருக்கும், ஏழு வயதில் பெற்றோருடன் ரயிலில் வந்தபோது கடலை முதலில் கண்டவருக்கு ஒரு பென்னி பரிசு என்ற பந்தயம் நினைவில் இருக்கிறது.

வொர்திங்

வொர்திங் பிரைட்டனைவிட அடக்கமான ஊர். 1862இல் திறக்கப்பட்ட பாலம் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. பாலம் என்றாலும் அது எந்த மறுகரையையும் சென்றடைவதில்லை. காற்று வாங்க நடந்து சென்று திரும்புவதற்கென்றே கட்டப்பட்ட ‘பியர்’ என்னும் அவ்வமைப்பு, பிரிட்டானியக் கடலோர ஊர்களின் அடையாளமாக நிற்கிறது. ஓய்வுபெற்ற முதியோர் வந்து குடியேறும் ஊர் என்று இதை நெடுங்காலமாகக் கேலி பேசுவதுண்டு. படைவீரர்களுக்கும் ஊருக்கும் உள்ள தொடர்பு அதைவிட ஆழமானது: முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் லண்டனின் ரோஹாம்ப்டனில் தொடங்கப்பட்ட ராணி அலெக்சாண்ட்ரா மருத்துவமனை இல்லம் 1933இல் இங்கு இடம்பெயர்ந்து, இன்றும் ‘கேர் ஃபார் வெட்டரன்ஸ்’ என்ற பெயரில் ஊனமுற்ற முன்னாள் வீரர்களைப் பராமரித்து வருகிறது.

கரை முழுவதும் மணலில்லை, கூழாங்கல். முட்டை அளவிலும் முஷ்டி அளவிலும் உருண்ட கற்கள் மேடாகக் குவிந்து கிடக்கின்றன. கடல் உள்வாங்கும்போது மட்டுமே அவற்றுக்கு அப்பால் பழுப்பு மணல் தலைகாட்டுகிறது. சக்கர நாற்காலிக்கு இதைவிடப் பெரிய பகை இல்லை. மெல்லிய சக்கரம் முதல் அடியிலேயே கற்களுக்குள் புதைந்து நின்றுவிடும் என்பதால், பருத்த காற்றுச் சக்கரங்கள் பொருத்திய கடற்கரை நாற்காலி கிடைக்காத இடத்தில், நடைபாதையின் கைப்பிடிச் சுவரோடு பயணம் முடிந்துவிடுகிறது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கென மரப்பாதை திறக்கப்பட்டபோது, கடலருகே வாழ்நாளெல்லாம் வசித்தும் அலையைத் தொடாதிருந்தவர்கள் அங்கே திரண்டதும், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்ததும், பின்னர் அது சீரமைக்கப்பட்டதும் தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆவலை வொர்திங்கிலும் காணலாம். கால்களை இழந்த முதியவர் ஒருவர், குழந்தைகளின் பிளாஸ்டிக் வாளியில் கடல்நீரை மொண்டுவரச் சொல்லி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு மணிக்கட்டுவரை அதில் அமிழ்த்தி, குளிர் சற்றும் மாறவில்லை என்று திருப்தியோடு குறைபட்டுக்கொண்டார்.

தன்னார்வலரின் வேலை பெரும்பாலும் கையின் வேலை. சரிவில் நாற்காலியை இறக்கும்போது பின்பக்கமாக, முதியவர் முகம் மேட்டை நோக்கியிருக்க இறக்க வேண்டும். முன்பக்கமாக இறக்கினால் அவர் சரிந்து விழக்கூடும். பார்வையற்றவரைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்லக் கூடாது. தன்னார்வலர் தம் முழங்கையை அவர் புறங்கையில் இலேசாகத் தொடச் செய்ய, அவர் அதைப் பற்றிக்கொண்டு அரையடி பின்னே நடக்கிறார். படி ஏறுவதா இறங்குவதா என்பதை வழிகாட்டுபவரின் உடல் அசைவே அவருக்கு உணர்த்திவிடுகிறது. பிடிப்பவர் அவர், பிடிபடுபவர் தன்னார்வலர். விரும்பும்போது கையை விட்டுவிடும் உரிமை பார்வையற்றவரிடமே இருக்கிறது. இத்தொண்டின் இலக்கணமே இச்சிறு ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

உணவு மேசையில் கடிகாரம் உதவிக்கு வருகிறது. மாவில் தோய்த்துப் பொரித்த காட் மீன், தடித்த உருளைக்கிழங்குச் சிப்ஸ், பச்சைப் பட்டாணி மசியல், ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு என்று தட்டு வந்ததும், “மீன் ஆறு மணியில், சிப்ஸ் மூன்று மணியில், பட்டாணி ஒன்பதில், எலுமிச்சை பன்னிரண்டில்” என்று தட்டைக் கடிகார முகப்பாகக் கொண்டு பார்வையற்றவரிடம் சொல்லிவிட்டுத் தன்னார்வலர் ஒதுங்கிவிட வேண்டும். வாழையிலையில் உப்பும் ஊறுகாயும் இனிப்பும் பொரியலும் எந்தெந்த மூலையில் விழும் என்பது வழக்கத்தால் நிலைத்துப்போயிருப்பதால், பார்வையற்றவரும் யாரையும் கேளாமல் சாப்பிட்டு எழுந்துவிடும் பந்திக்கு ஒப்பானது இம்முறை. மீன் மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஆவி பறக்கும் வெண்மை. அதன்மேல் தெளிக்கும் பார்லி வினிகரின் காரநெடிதான் அதற்குள்ள ஒரே மசாலா. நாகப்பட்டினத்து மீன் வறுவலில் ஊறிய நாக்கு மிளகாய்த்தூளுக்கு ஏங்கும் என்றாலும், பசியும் உப்புக்காற்றும் சேர்ந்து அக்குறையைப் பெரிதுபடுத்த விடுவதில்லை. திறந்தவெளியில் தின்பவர் கடற்காகங்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தோளுக்கு மேலாகச் சாய்ந்துவந்து சிப்ஸைக் கொத்திப் பறப்பதில் அவை கைதேர்ந்தவை.

போரைப் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்துச் செல்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். காலை முதல் மாலை வரை காதில் விழுவது முழங்கால் வலி, கால்பந்து, தேநீரின் விலை, இறந்துபோன மனைவி சமைத்த புடிங் முதலியனவே. கேளாதிருப்பதே தன்னார்வலர் கற்கும் முதல் பாடம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்கின்றனர். சொல்ல வேண்டியது இருந்தால் அது திரும்பும் வழியில், இருட்டிய டாக்சிக்குள், யாரையும் பாராமல் வெளிவரும்.

ரஸ்டிங்டன்

வொர்திங்குக்கு மேற்கே சில மைல் தொலைவிலுள்ள ரஸ்டிங்டன் அமைதியான சிற்றூர். வான்படை நல நிதியத்தின் ஓய்வில்லமாக இங்கிருந்த இளவரசி மரீனா இல்லம், அண்மை ஆண்டுகளில் ‘பிளைண்ட் வெட்டரன்ஸ் யூகே’ என்னும் பார்வையிழந்த படைவீரர் அறநிறுவனத்தின் கைக்கு மாறியுள்ளது. ஒருநாள் உலாவுக்கும் தங்கும் விடுமுறைக்கும் உள்ள வேறுபாடு இங்கு புலப்படுகிறது. தங்குபவர் இரண்டாம் நாளில் விருந்தாளியாக இருப்பதை நிறுத்திவிட்டு, தேநீர் ஆறிவிட்டது என்று முறையிடத் தொடங்குகிறார். இல்லத்தார் அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கின்றனர். இத்தகைய இல்லங்கள் குறைந்து வருவதையும் சொல்ல வேண்டும். பிரிட்லிங்டன், சவுத்போர்ட், வெஸ்டன்-சூப்பர்-மேர், போர்ட்ரஷ் ஆகிய நான்கு கடலோர ஊர்களில் ராயல் பிரிட்டிஷ் லீஜன் நடத்திவந்த விடுமுறை இல்லங்கள் 2020இல் மூடப்பட்டன. பராமரிப்புச் செலவு பெரிது என்பது உண்மைதான். ஆயினும் வீட்டுக்கே வந்து சேரும் உதவி, வீட்டைவிட்டு வெளியேறும் வாய்ப்புக்கு ஈடாகுமா என்பது ஐயமே.

ஓவிங்டீன்

பிரைட்டனைத் தாண்டிக் கிழக்கே, வெண்சுண்ணாம்புப் பாறைமேல் கடலைப் பார்த்து நிற்கிறது பிளைண்ட் வெட்டரன்ஸ் யூகேயின் பழைய மாளிகை. பத்திரிகை அதிபர் ஆர்தர் பியர்சன், கண்ணழுத்த நோயால் பார்வையிழந்தவர், 1915இல் லண்டனில் நிறுவிய ‘செயிண்ட் டன்ஸ்டன்ஸ்’ அமைப்பே 2012இல் இன்றைய பெயரைப் பெற்றது. பார்வையிழந்த வீரருக்கு இரக்கம் வேண்டாம், தொழில் வேண்டும் என்பது பியர்சனின் கொள்கை. பிரெயில், தட்டச்சு, மசாஜ் சிகிச்சை, கோழி வளர்ப்பு, கூடை முடைதல், செருப்புத் தைத்தல் ஆகியவை கற்பிக்கப்பட்டன. அவர் 1921இல் இறந்தபின் தலைமை ஏற்ற இயன் ஃபிரேசர், 1916இல் சோம் போர்க்களத்தில் கண்களை இழந்தவர். செவியால் படிக்கும் ‘பேசும் நூல்’ சேவை 1935இல் தொடங்கப்பட்டதில் அவருடைய பங்கு பெரிது.

கட்டடக் கலைஞர் ஃபிரான்சிஸ் லார்ன் வடிவமைத்து 1938இல் எழுந்த ஓவிங்டீன் மாளிகை, மேலிருந்து பார்த்தால் விமானம் போன்ற அமைப்புடையது. இரண்டாம் உலகப் போரில் கரை ஆபத்தானபோது பயிற்சி ஷ்ராப்ஷயரின் சர்ச் ஸ்ட்ரெட்டன் ஊருக்கு மாற்றப்பட்டது. அதே போர் இவ்வமைப்பை இந்தியாவுக்கும் கொண்டுவந்தது: கல்லிப்போலியில் பார்வையிழந்த நியூசிலாந்து வீரர் கிளூத்தா மெக்கன்சியின் பொறுப்பில் டேராடூனில் இந்திய வீரர்களுக்கான செயிண்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி அமைந்தது, பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனமாக அங்கு பின்னாளில் வளர்ந்ததன் வேர் அதுவே. செயிண்ட் டன்ஸ்டன்ஸ் கற்பித்த பிரெயிலின் இந்திய வடிவமாக, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் வகுக்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில்தான் தமிழும் இன்று புள்ளிகளால் எழுதப்படுகிறது. சசெக்ஸ் பாறைமேட்டில் நிற்கும் தமிழருக்கு இது எதிர்பாராத உறவு.

பிரைட்டன்

கூட்டமும் இரைச்சலும் நிறைந்த பிரைட்டன் நகரின் நடுவே ராயல் பெவிலியன் அரண்மனை நிற்கிறது. நான்காம் ஜார்ஜுக்காக ஜான் நாஷ் 1815 முதல் எழுப்பிய அதன் வெங்காயக் குமிழ்கள், இந்தியாவை நேரில் காணாத கற்பனையின் விளைவு. 1914 டிசம்பரில் அது இந்தியப் படைவீரர்களுக்கான மருத்துவமனையாக மாறியது. பிரான்ஸ் களத்தில் காயமுற்ற பஞ்சாபியரும் கார்வாலியரும் டோக்ராக்களும் பத்தான்களும் கூர்க்காக்களும் இங்கு கொண்டுவரப்பட்டனர்; அரசரின் பழைய குதிரை லாயமாகிய ‘டோம்’ மண்டபத்தில் கட்டில்கள் போடப்பட்டன; அரண்மனையின் பெரிய சமையலறை அறுவை அரங்காயிற்று; சாதி, சமய வழக்கங்களை மீறாதிருக்க ஒன்பது சமையற்கூடங்களும், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி நீர்க்குழாய்களும் அமைக்கப்பட்டன. ஜமேதார் மிர் தஸ்த் 1915 ஆகஸ்டில் அரண்மனைப் புல்வெளியில் ஐந்தாம் ஜார்ஜின் கையால் விக்டோரியா கிராஸ் பெற்றார். மருத்துவமனையின் புகைப்படங்கள் அஞ்சலட்டைகளாக அச்சிடப்பட்டு இந்தியாவெங்கும் பரப்பப்பட்டன.

அந்த உபசரிப்பு பொய்யன்று. ஆனால் முழுமையும் அன்று. நகரின் பழைய ஏழையர் இல்லத்தில் அமைந்த கிச்சனர் இந்திய மருத்துவமனையில் வேலியும் முள்கம்பியும் காவலும் போடப்பட்டு, தேறிவந்த வீரர்கள் நகருக்குள் விருப்பம்போல் நடமாடுவது தடுக்கப்பட்டது. இந்திய ஆண்களும் வெள்ளைப் பெண்களும் பழகிவிடக் கூடாது என்ற அச்சமே இதன் அடிப்படை. பெவிலியனிலும் ஆங்கிலத் தாதியர் மேற்பார்வையோடு நிறுத்தப்பட்டனர். வீரர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் தணிக்கை செய்யப்பட்டன. நடைதூரத்தில் கடல் கிடந்தும் காவலரின் அனுமதியின்றி அதன் அருகே செல்ல முடியாதிருந்த அவர்களது நிலையை, முழங்கையைப் பிடித்துக்கொள்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிடும் இன்றைய முறையோடு ஒப்பிடும்போதுதான், தொண்டு என்பது அக்கறையின் அளவைப் பொறுத்ததன்று, அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பது விளங்குகிறது. இந்தியர்கள் எகிப்துக்கும் மெசபட்டோமியாவுக்கும் அனுப்பப்பட்டபின், 1916 முதல் 1920 வரை பெவிலியன் கைகால் இழந்த பிரிட்டானிய வீரர்களின் மருத்துவமனையாக இருந்தது.

பேட்சம்

லண்டனுக்குத் திரும்பும் வழியில், பிரைட்டனின் வட எல்லையான பேட்சத்துக்கு மேலே, ஆடு மேயும் குன்றுச்சரிவில் ‘சத்ரி’ நினைவிடம் இருக்கிறது. வட இந்தியாவில் எரியூட்டிய இடத்தில் எழுப்பும் குடைவடிவ மண்டபத்துக்குச் சத்ரி என்று பெயர். பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேர் இங்கு தகனம் செய்யப்பட்டு, அஸ்தி ஆங்கிலக் கால்வாயில் கரைக்கப்பட்டது. முஸ்லிம்கள் வோக்கிங் மசூதியருகே அடக்கம் செய்யப்பட்டனர். இளம் இந்தியக் கட்டடக் கலைஞர் ஈ. சி. ஹென்ரிக்ஸ் வெண்பளிங்கில் வடிவமைத்த மண்டபம் 1921 பிப்ரவரி 1 அன்று அப்போதைய வேல்ஸ் இளவரசரால் திறந்துவைக்கப்பட்டது. 53 பெயர்களும் பொறித்த சுவர் எழ 2010 வரை ஆயிற்று.

ஆண்டுதோறும் ஜூனில் நடக்கும் அஞ்சலிக்குப் படைவீரர் சங்கத்தாரும் உள்ளூர் இந்தியக் குடும்பங்களும் வருகின்றனர். கார்ச்சாலை நினைவிடம் வரை செல்வதில்லை. மேய்ச்சல் நிலத்தினூடே மேடேறி நடக்க வேண்டியிருப்பதால், மூச்சு வாங்கும் முதியவர்களுக்கு இளையவர்களின் தோள் தேவைப்படுகிறது. இரண்டாம் உலகப் போர்த் தலைமுறை மறைந்துகொண்டிருக்க, கடலோர விடுமுறைக்குக் காத்திருப்போர் வரிசையில் 1982இன் ஃபாக்லாந்து வீரர்களும், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயமுற்றவர்களும், 2009இல் பிரிட்டனில் குடியேறும் உரிமை பெற்ற கூர்க்கா ஓய்வூதியர்களும் இடம்பெறுகின்றனர். ஆல்டர்ஷாட்டிலும் ஃபோக்ஸ்டனிலும் வசிக்கும் அந்தக் கூர்க்கா முதியோரில் ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் பலர். அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல நேபாளி பேசும் தன்னார்வலர்களும், மீனுக்கும் சிப்ஸுக்கும் மாற்றாகப் பருப்பும் சோறும் சமைப்பவரும் வேண்டும். 1914இல் ஒன்பது அடுப்பு மூட்டிய கரைக்கு அது எட்டாத காரியம் அன்று.